சத்தக்காரம்மாவின் கப்பல்

அலுவலகத்தில் எல்லாரும் அவளைச் சத்தக்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பக்கத்து மேசைக்கே எட்டாத குரலில் பேசுகிறவளுக்கு அப்படியொரு பெயர். போர்க்கப்பல்களை வடிவமைக்கும் அலுவலகம் அது. நீர்மூழ்கிகளை வேட்டையாடப் போகும் ஒரு ஃபிரிகேட் ரகக் கப்பலின் இயந்திரச் சத்தம் கடலுக்குள் கசியாமல் பார்ப்பது அவள் பொறுப்பு. கப்பலே இரைந்துகொண்டு போனால் எதிரியின் அரவம் காதில் விழாது. தான் இருக்கும் இடத்தையும் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் டீசல் இன்ஜின்களை அடித்தளத்தில் நேராகப் பொருத்தாமல் ஓர் இரும்பு மேடையில் ஏற்றி, மேடைக்குக் கீழே ரப்பர் தாங்கிகளை வைத்தாள். ஏவுகணைக்காரர்கள் இடம் கேட்பார்கள், எரிபொருள் தொட்டிக்காரர்கள் இடம் கேட்பார்கள். கடைசியில் எல்லாரும் கை வைத்தது இவள் மேடையில்தான். சண்டை போட்டுத்தான் அதைக் காப்பாற்றினாள், அதே மெல்லிய குரலில்.

கணவன் அறுவை சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். கப்பல் கட்டத் தொடங்கிய வருஷம் அவனுக்கு வெளிநாட்டு மருத்துவமனையில் வேலை கிடைத்தது.

"நீங்க முன்னாடி போங்க. கப்பல் கடலுக்குப் போனதும் நான் வந்துடறேன்" என்றாள்.

அவன் போனான். கப்பலும் கடலுக்குப் போனது. சோதனை ஓட்டத்தில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அடியிலிருந்து ஒரு ரீங்காரம் வந்தது. மேடைக்குக் கீழே குப்புறப் படுத்து, ஒவ்வொரு குழாயாகக் கை வைத்துப் பார்த்தாள். இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்க்குழாய் ஒன்றை யாரோ கப்பலின் உடம்போடு இறுக்கிப் பிடித்துவைத்திருந்தார்கள். ரப்பரைத் தாண்டி அதிர்வு அதன் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. பிடிப்பை எடுத்துவிட்டு வளையும் இணைப்பைப் போட்டார்கள். ரீங்காரம் நின்றது. கரைக்கு வந்ததும் ராஜினாமா கொடுத்தாள்.

பாதுகாப்பு அதிகாரி டீ வரவழைத்தார். "ராஜினாமாவை ஏத்துக்கறோம்மா. வெளிநாடு மட்டும் முடியாது. வேலைக்குச் சேரும்போதே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"எங்கிட்ட ஒரு பேப்பர்கூட இல்ல சார்."

"பேப்பர்னா வாங்கி வெச்சுக்கிட்டு அனுப்பிடுவோமே. தலையை எப்படி வாங்கி வெக்கறது?"

"எவ்வளவு நாளைக்கு?"

"அந்தக் கப்பல் ஓடற வரைக்கும்."

"அது முப்பது வருஷம் ஓடும் சார்."

"நல்லா கட்டியிருக்கீங்க" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

வீட்டில் சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கணவனிடம் போனில் சொன்னபோது அவனுக்குப் புரியவில்லை.

"அப்படி என்னதான் தெரியும் உனக்கு?"

"சொல்லக் கூடாது."

"புருஷன்கிட்டயுமா?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீ அந்தக் கப்பலைக் கட்டினியா, கட்டிக்கிட்டியா?" என்று கேட்டுவிட்டு அவனே சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கப்பலுக்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை. கொள்ளையர் திரியும் கடலில் சரக்குக் கப்பல்களுக்குத் துணை போனது. புயலில் மூழ்கிய தீவிலிருந்து ஜனங்களை ஹெலிகாப்டர் தளத்தில் ஏற்றிக்கொண்டு வந்தது. ஒருமுறை துறைமுகச் சுவரில் மோதி மூக்கை நசுக்கிக்கொண்டு பட்டறைக்குத் திரும்பியது. பிறகு நல்லெண்ணப் பயணமாக, அவள் கணவன் வேலை செய்த ஊருக்கே போனது. அங்கே ஒரு நாள் பொதுமக்களையும் மேலே விட்டார்கள். அவனும் ஏறிப் பார்த்தான். இறங்கி வந்ததும் அவளைப் போனில் கூப்பிட்டான்.

"உன் கப்பலைப் பாத்துட்டு வரேன். பின்பக்கம், ஹெலிகாப்டர் நிக்கற இடத்துல ரொம்ப நேரம் நின்னேன்."

"காலுக்கு அடியில அதிர்வு ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டாள். வாய் தானாகக் கேட்டுவிட்டது.



"நான் எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டியா?" என்றான் அவன்.

அவள் போனைப் பிடித்துக்கொண்டு அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்தாள். ஏறி வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

மறுவருஷம் அவன் வேலையை விட்டுவிட்டு வந்தான். "நீ வர முடியாது. நான்தானே வந்தாகணும்" என்றான். ஒரு சின்ன கிளினிக்கில் கட்டுப் போடவும் ஊசி போடவும் உட்கார்ந்தான். குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டில் பேச்சு குறைந்துபோனது. அவன் ஜன்னலோரம் நிற்கும்போது இவள் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள்.

சில வருஷங்கள் கழித்துக் கப்பலுக்குப் புது ரேடாரும் புது ஏவுகணைகளும் பொருத்தினார்கள். ரப்பர் தாங்கிகளையும் மாற்றினார்கள். அவள்தான் கூட நின்றாள். அன்று சாயங்காலம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவனிடம் சொன்னாள்: "இன்னும் பத்து வருஷம் கூடுதலா ஓடுமாம்."

"அதுக்காவது ஆயுசைக் கூட்டிக் கொடுக்க ஆள் இருக்கே" என்றவன், காலர் பக்கம் திருப்பினான்.

ஒரு விடுமுறைக்கு எல்லையோரச் சிற்றூர் ஒன்றுக்குப் போனார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு நாடு, அங்கே ஒரு சந்தை. அடையாள அட்டையைக் காட்டிவிட்டு ஜனங்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

"நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள். அவன் தயங்கினான். பிறகு போனான்.

தடுப்புக் கம்பத்தருகே நின்று, அவன் கூட்டத்தில் சிறிதாகி மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வராமலே போய்விடுவானோ என்று ஒரு கணம் தோன்றியது. போனால் குற்றம் சொல்ல முடியாது என்றும் தோன்றியது. வெயில் ஏறியபோது, புதுக் குடை ஒன்றை விரித்துப் பிடித்தபடி வந்தான்.

"அந்தப் பக்கம் எப்படி இருக்கு?"

"இதே மாதிரிதான்" என்று குடையை அவள் பக்கம் சாய்த்தான்.

அவள் நம்பவில்லை. ஆனாலும் குடைக்குள் வந்து நின்றுகொண்டாள்.