எரு போட்ட பாதி

என் வீட்டுக்காரருக்கும் அவருடைய தம்பிக்கும் நடந்த அடிதடியைப் பற்றி மெர்லிமாவ் பசாரில் பலவிதமாகப் பேசினார்கள். குடித்துவிட்டு அடித்துக்கொண்டார்கள் என்றார்கள் சிலர். பொம்பளை விவகாரம் என்று மீன் விற்கிறவர் சொன்னதாக என் காதுக்கே வந்தது. அந்தப் பொம்பளை நான்தானாம். அன்று அந்த மீன்காரரின் கத்தி என் கைக்கு எட்டியிருந்தால் பசாரிலும் ரத்தம் சிந்தியிருக்கும். அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டது மண்ணுக்காக. நானும் என் வீட்டுக்காரரும் எரு சுமந்து உண்டாக்கிய ஒரு சாண் ஆழ மண்ணுக்காக.

என் மாமனார் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தை முதலாளிகள் விற்றபோது, கிடைத்த நஷ்ட ஈட்டில் அவர் வாங்கிப்போட்ட இரண்டு ஏக்கர் அது. பழைய ரப்பர் நிலம். மேலே வெளிறிப்போன செம்மண், கீழே சரளைக்கல். மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் கை அதிர்ந்து பல் கிட்டும். கடப்பாறையால் குத்தித்தான் ஒவ்வொரு பாத்தியையும் உடைத்தோம். ஒருமுறை கடப்பாறை கல்லில் வழுக்கி அவர் கால் கட்டைவிரலைப் பிளந்தது. கட்டுப் போடக்கூட உட்காராமல், எதிரியைக் குத்துகிறவர் மாதிரி அதே இடத்தைக் குத்திக்கொண்டிருந்தார். எனக்கு அன்று அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது.

சாலையோரப் பாதியில்தான் முதலில் கை வைத்தோம், எருவை இறக்கி வைக்கச் சுலபம் என்று. மண்ணின் புளிப்பைப் போக்கச் சுண்ணாம்பு தூவினோம். வியர்வையில் பட்டதும் அது எரித்தது; என் கழுத்திலும் அக்குளிலும் தோல் உரிந்து ஈரத்துணிகூடப் படவிட முடியவில்லை. ஜாசினுக்கு அப்பாலிருந்த கோழிப்பண்ணையிலிருந்து லாரியில் எரு வந்தது. ஆறப் பொறுக்காமல் அதைப் பச்சையாகவே போட்டோம். சூட்டில் மிளகாய்க் கன்றுகள் எல்லாம் வெந்து போயின. அடுத்த தடவை குவித்து மக்கவைத்தோம், ஈ மொய்த்தது. பக்கத்து வீட்டுக்காரி விளக்குமாற்றோடு வந்தாள். நான் அவள் முடியைப் பிடித்தேன், அவள் என் தாலிக்கொடியைப் பிடித்தாள். ஆட்கள் வந்துதான் பிரித்துவிட்டார்கள். பாச்சாங்கில் ஒரு கல்யாணத்துக்குத் தலைக்குக் குளித்துப் பட்டுச்சேலை கட்டிப் போனேன். என் கொழுந்தனின் மனைவி மூக்கைச் சுளித்துக்கொண்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டாள்.

ஆலையில் எண்ணெய் பிழிந்துவிட்டுக் கொட்டிய செம்பனைக் குலைச் சக்கையை வாங்கிப் பரப்பினோம். அதன் முள் குத்தி என் விரல்களில் சீழ் வைத்தது. அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டு, காலையில் எழுந்து நிற்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் பிறகு மண் கறுத்தது. முதலில் ஓரங்களில், பிறகு பாத்தி பாத்தியாக. கையை விட்டால் மணிக்கட்டு வரை போகும், மண்புழு விரலில் சுற்றும். வெயில் காலத்தில் அக்கம்பக்கத்தில் எல்லாம் வாடிக் கிடந்தபோது எங்கள் வெண்டை மட்டும் நிமிர்ந்து நின்றது. பசாரில் நான் கூடையை இறக்கும் முன்பே கை நீட்டுவார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அதை மறைக்கவும் இல்லை. ஓடைப்பக்கத்துப் பாதி மட்டும் லாலாங் புல் மண்டி அப்படியே கிடந்தது.

மாமனார் இறந்தபின் நிலம் இரண்டு மகன்கள் பேருக்கும் வந்தது. கொழுந்தன் பாச்சாங்கில் சொந்த லாரி ஓட்டுகிறவர். வீட்டுக்கு முன்னால் நிறுத்தினால் அபராதச் சம்மன் ஒட்டுகிறார்கள், ஆகையால் சாலையோரப் பாதி தனக்கு வேண்டும் என்றார். ஓடைப்பக்கம் லாரி இறங்காது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பாதி எப்படி இருந்தது, எப்படி ஆனது என்று அவருக்கு என்ன தெரியும்? பேச்சு முற்றி இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டபோது சொந்தக்காரர்கள் நடுவில் புகுந்தார்கள். பழைய தோட்டத்து முனீஸ்வரர் முன்னால் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றார்கள். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்கும், சாமி சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது.

"சாமியா வந்து கோழி எருவ அள்ளிச்சு?" என்று நான் கேட்டேன்.

"நீ வாய மூடு. நம்ம பட்ட பாடு அவருக்குத் தெரியும்லா. மாத்திக் குடுக்க மாட்டாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

சிவப்பு வந்தால் தம்பிக்குச் சாலையோரம் என்று பேச்சு. சூடம் எரிந்துகொண்டிருக்கும்போதே, பூ எடுக்க வந்த சிறுமி சிவப்பை எடுத்தாள். என் வீட்டுக்காரர் சாமியை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. சாமிக்கு முன்னால் நட்ட அரிவாள் அங்கேயே இருந்தது. எடுத்துவிடுவாரோ என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் அவர் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக இறங்கினார். மேல்மண்ணைச் சுரண்டி ஓடைப்பக்கத்துக்குத் தள்ள ஆரம்பித்தார். நானும் சேர்ந்துகொண்டேன். "நெலத்ததான சாமி அவனுக்குக் குடுத்துச்சு. மண்ணு நான் செஞ்சது" என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது, இன்றும் படுகிறது.

பாதிக்கு மேல் சுரண்டியிருப்போம். யாரோ போன் போட்டுச் சொல்ல, கொழுந்தன் வந்து லாரியிலிருந்து குதித்தார். கையில் டயர் கழற்றும் இரும்பு.

"அண்ணே, வண்டிய கீழ வை. இது என் நெலம்."

"நெலத்த எடுத்துக்கடா. எருவ சுமந்தவன் நானு."

"மண்ணு இல்லாம என்னா நெலம்லா? சாமி முன்னால ஒத்துக்கிட்டுத் திருடுறியா?"

திருடு என்ற சொல்லுக்கு என் வீட்டுக்காரர் மண்வெட்டிக் காம்பால் பதில் சொன்னார். தம்பியின் நெற்றி பிளந்து, ரத்தம் கண்ணை மறைத்தது. அவர் கண்மூடித்தனமாக இரும்பை வீசினார். அண்ணனின் வலது முன்கையில் பட்டது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இருவரும் பாத்தியில் விழுந்து புரண்டார்கள். நான் கொழுந்தனின் தோளைக் கடித்தேன். வாயில் ரத்தமும் மண்ணும் சேர்ந்து கரித்தது. சாலையில் போன மோட்டார் சைக்கிள்காரர்கள் ஓடி வந்திராவிட்டால் அன்று ஒரு பிணம் விழுந்திருக்கும்.

ஆஸ்பத்திரிக்கும் போலீசுக்கும் அலைந்தபின், கொழுந்தன் ஒரு நிபந்தனை வைத்தார். எடுத்த மண்ணைத் திருப்பிப் போட்டால் புகாரை வாபஸ் வாங்குவார். கட்டுப் போட்ட கை கழுத்தில் தொங்க, என் வீட்டுக்காரர் ஜெயிலுக்கே போகிறேன் என்றார். ஜெயிலுக்குப் போனால் சோறு யார் போடுவது? நான்தான் தள்ளினேன், வண்டி வண்டியாக. தலையில் தையலோடு கொழுந்தன் லாரிப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க கொஞ்சம் நெரவி விடுங்க அண்ணி" என்றார் ஒருமுறை. நிரவினேன். மனசுக்குள் அவரை அங்கேயே புதைத்தேன்.

பிறகு கொழுந்தன் லாரி நிறுத்தும் இடத்தில் கொட்டக் கல் கொண்டுவந்தார். கல் ஏற்றிய லாரி உள்ளே திரும்பியதும் நாங்கள் பஞ்சாக்கி வைத்திருந்த மண்ணில் சக்கரம் புதைந்தது. அவர் மிதிக்க மிதிக்க டயர் அதைக் கிழித்து, கறுப்புக் கறுப்பாக வேலியில் அடித்தது. நகர முடியாமல் நின்றுவிட்டது லாரி. அவர் இறங்கி அந்த மண்ணைக் காலால் உதைத்தார். அடுத்து மண் தோண்டும் இயந்திரம் வந்தது. நான் திருப்பிப் போட்டதையும், எடுக்காமல் விட்டதையும் ஒன்றாக வழித்து ஓடையில் தள்ளியது. ஓடை கறுப்பாக ஓடியது. என் வீட்டுக்காரர் கரையில் நின்று ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். நான் அழவில்லை, எனக்குக் கொலைவெறிதான் வந்தது. ஆனால் யாரைக் கொல்வது? தம்பியையா, சாமியையா, பூவை நம்பிய என் புருஷனையா?

என் வீட்டுக்காரரின் கைக்கட்டைப் பிரித்த கொஞ்ச நாளில் வாசலில் எரு லாரி ஹார்ன் அடித்தது. ஓடைப்பக்கத்துப் பாதிக்காக அவர் என்னைக் கேட்காமலே சொல்லி அனுப்பியிருந்தார். நான் கடப்பாறையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு கேட்டில் நின்றேன்.

"தள்ளு" என்றார்.

"கிராண்ட்டுல என் பேர போடுங்க. அப்புறம் எறக்குங்க."

நிலத்துப் பத்திரத்தை நாங்கள் கிராண்ட் என்போம். அவருடைய அப்பா பேர் இருந்தது, பிறகு மகன்கள் பேர் வந்தது. அத்தனை வருஷம் அதில் எரு சுமந்தவளின் பேர் எங்கேயும் இல்லை. அவரைப் போலவே நானும் அதுவரை அதை நினைத்துப் பார்த்ததில்லை.

"பொண்டாட்டிதான நீ? உனக்கு எதுக்குத் தனியா பேரு?"

"உங்க தம்பியும் கூடப் பொறந்தவருதான?"

அவர் சரியாகச் சேராத அந்தக் கையை ஓங்கினார். நான் கடப்பாறையை இறக்கவில்லை. அடித்தால் திருப்பி அடிப்பேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அவருக்கும் தெரிந்தது. லாரிக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எருவை இறக்காமலே வண்டியைப் பின்னால் எடுத்தார்.

என் வீட்டுக்காரர் கையை இறக்கிக்கொண்டார். பிறகு உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "ஜாசின் நில ஆபீசு எத்தன மணிக்குத் தொறப்பான்?" என்று கேட்டார்.