ஏலக்காய் வாசமடித்த கார்

என் தங்கைக்கு மூச்சுத் திணறியது நடுரோட்டுத் தூசியில் இல்லை. கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, ஏசி ஓடிக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக் காருக்குள். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

இரண்டாயிரத்து ஒன்பது, மே மாதம். நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஒரு வருடமாகக் கம்பத்தில் வீட்டுச் சோற்றை வெட்கமில்லாமல் தின்றுகொண்டிருந்தேன். தங்கைக்குக் கடைசி வருடப் பரீட்சை. கல்லூரி தேனியில். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வீசிங். பஸ்ஸில் போனால் தூசி என்று பரீட்சை நாட்களில் மட்டும் அப்பா தன் காரில் கூட்டிக்கொண்டு போவார்.

அப்பா ஏலக்காய் வியாபாரி. மலைத் தோட்டங்களிலிருந்து ஜீப்பில் இறங்கும் காயை வாங்கி, தரம் பிரித்து, வெளியூர்க் கடைகளுக்கு விற்பவர். செகண்ட் ஹேண்டில் வாங்கிய அந்தக் காரில் அவருக்கு இருந்த பெருமை ஓட்டத்தில் இல்லை, வாசத்தில். கதவைத் திறந்தால் பாயசப் பானைக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். வெளியூர் வியாபாரி எவராவது ஏறி உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினால் போதும், அப்பா ஆரம்பித்துவிடுவார்.

"எல்லாம் நம்ம காயி வாசந்தாங்க. வண்டியே இப்பிடி மணக்குதுன்னா குடோன் எப்பிடி இருக்கும்னு பாத்துக்கங்க."

வியாபாரியும் பல்லைக் காட்டுவார். பாதிப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

வாசம் எங்கிருந்து வருகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. டிக்கியில் மூட்டை ஏற்றி இறக்குகிற வண்டிதானே என்று விட்டுவிட்டேன். ஏசிக் காற்றை ஊதும் புளோயரை இரண்டாம் நம்பருக்கு மேல் திருகினால் மாவு மில்லில் கல் விழுந்த மாதிரி கரகரவென்று ஒரு சத்தம் வரும். அதற்கும் எங்கள் வீட்டில் வைத்தியம் இருந்தது. பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிடுவோம். மெக்கானிக்கல் இன்ஜினியர் நான். நானும்தான் கூட்டினேன்.

முதல் பரீட்சை அன்றைக்கு வீரபாண்டியில் திருவிழாக் கூட்டம். தீச்சட்டிக்காரர்களும் முளைப்பாரியும் ராட்டினத்துக்குப் போகிற சனமுமாக ரோடே தெரியவில்லை. புழுதி எழும்பி நின்றது. நானும் முன் சீட்டில் இருந்தேன். அப்பா கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, புளோயரை நாலில் வைத்தார். பின் சீட்டில் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்த தங்கை ஐந்து நிமிடத்தில் இரும ஆரம்பித்தாள். இன்ஹேலரை இரண்டு தடவை அடித்தாள். கேட்கவில்லை. உதடு வெளுத்துவிட்டது. தோள்பட்டை இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கியது.

"கண்ணாடிய எறக்குங்கப்பா!" என்று கத்தினேன்.

"இந்தப் புழுதியிலயா? கூறு கெட்டவனே, இன்னும் ஏசியக் கூட்டு!"

கூட்டினோம். அதைத்தான் செய்தோம்.

தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். டியூட்டி டாக்டரம்மா, வீட்டில் பஞ்சு, ஊதுபத்தி, பூனை ஏதாவது உண்டா என்று கேட்டார். அப்பா அத்தனை பேர் முன்னால் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "தூசியே ஆகாதுன்னு ஏசி வண்டியிலதாம்மா கூட்டிட்டு வாரேன்."

பரீட்சை ஆரம்பித்து அரை மணி நேரம் தாண்டினால் ஹாலுக்குள் விட மாட்டார்கள். தங்கை முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, இருபத்தெட்டாவது நிமிடம் உள்ளே போனாள். மருந்து கொடுத்த நடுக்கத்தில் எழுதினாளாம். வெளியே வந்தபோது தன் கையெழுத்து தனக்கே புரியாது என்றாள்.

அன்று சாயங்காலம் அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"போதும் ஆத்தா. மிச்ச பேப்பருக்கு நீ போக வேணாம். உசுரு இருந்தா நவம்பர்ல எழுதிக்கிறலாம்."

"நவம்பர்ல எழுதுனா எம்.எஸ்சி. சீட்டு யாருப்பா குடுப்பா?"

"சீட்டு என்னா சீட்டு. உடம்பு தேறுனா நல்ல எடமாப் பாத்து முடிச்சு விட்ருவோம்ல."

அவள் அழவில்லை. நேரே என்னிடம் வந்தாள். நாலு பேப்பர் பாக்கி. அடுத்தது மூன்றாம் நாள்.

"அண்ணே, எனக்கு வண்டிக்குள்ளதான் இழுக்குது. ரெண்டு வருசமா சொல்றேன். 'ஏலக்கா யாருக்காச்சும் ஒத்துக்காமப் போகுமா, சீன் போடாத'ன்னு சொன்னேல்ல? இப்பவாச்சும் போயி அதத் தெறந்து பாரு."

சொன்னேன்தான். அப்படியே, அதே வார்த்தையில்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். டேஷ்போர்டுப் பெட்டியின் இரண்டு பக்கத்தையும் உள்ளே அமுக்கினால் அது தொங்கிக்கொள்ளும். பின்னால் ஒரு தட்டை மூடி. அதற்குள்தான் ஏசி ஃபில்டர் இருக்க வேண்டும். வெளிக்காற்று, உள்காற்று எல்லாம் அந்த மடிப்பு மடிப்பான அட்டை வழியாக வடிகட்டித்தான் புளோயருக்குப் போகும். மூடியைக் கழற்றினேன். ஃபில்டர் இல்லை. அது இருக்க வேண்டிய சந்தில் பழைய வேட்டித் துணியில் தைத்த ஒரு பை திணித்திருந்தது. உருவினேன். எலி கடித்து வாய் கிழிந்த பை. உள்ளே ஏலக்காய்த் தொலி, அரிசி என்று நாங்கள் சொல்கிற உதிர்ந்த விதை, காம்பு. ஏசி ஈரத்தில் ஊறி, சாம்பல் பூத்து, பச்சைப் பூஞ்சணம். மூக்கருகே கொண்டு போனதும் எனக்கே தும்மல் வந்தது. எனக்கு வீசிங் கிடையாது.

எங்கள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் செய்த வேலை என்று முடிவு கட்டிவிட்டேன். பையைக் கையில் பிடித்துக்கொண்டு குமுளி ரோட்டில் இருந்த அவர் பட்டறைக்குப் போனேன்.

"அண்ணே, இது என்னா?"

அவர் முகம் மலர்ந்தது. "அட, எலி கடிச்சிருச்சா? வைங்க தம்பி, வேற பை மாத்தித் தாரேன்."

"ஃபில்டர் எங்கண்ணே?"

"அதுவா? அது கருப்பா அப்பிப்போயிக் கெடந்துச்சு. உங்க அப்பாதான் 'இது என்னத்துக்குடா'ன்னு கேட்டாக. காத்து இது வழியாத்தாண்ணே உள்ள வரும்னேன். 'அப்ப நம்ம காயும் இது வழியா வரட்டும்லே'ன்னு பைய நீட்டுனாக. என்னா மூள தம்பி அவகளுக்கு! அதப் பாத்துட்டு இன்னும் மூணு ஏலக்காக்காரவுக வண்டியில வச்சு விட்டுருக்கேன்."

"ஏண்ணே, அதுல மூச்சு விடுறவனப் பத்தி நெனச்சீகளா?"

"ஏன் தம்பி, ஏலக்கா நல்லதுதான?"

அந்த ஆளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நான் தங்கையிடம் சொன்னதைத்தானே அவரும் சொல்கிறார். எரிச்சல் மொத்தமும் வீட்டை நோக்கித் திரும்பியது.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டுக்குப் பக்கத்தில் பையைப் போட்டேன்.

"இதத்தான் அவ ரெண்டு வருசமா மோந்துக்கிட்டு வந்திருக்கா."

"எடுலே அதை. சோத்துக்குப் பக்கத்துல போடுற! ஏலக்கா மருந்துடா. பச்சப் புள்ளைக்குப் பால்ல போட்டுக் குடுக்கிறோம்."

"குடிக்கத்தான குடுக்கிறோம்? மூக்குக்குள்ளயா ஊதிவிடுறோம்?"

"இருவது வருசமா குடோன்ல கெடக்கேன். எனக்கு என்னா கேடு வந்துச்சு?"

"உங்களுக்கு வராது. நீங்க ஏலக்கா மாதிரியே வறண்டு போயிட்டீக."

"படிக்க வச்சேன்ல, அதான் பேசுற. வேலைக்குப் போறதுக்குத்தான் காலு வரல."

அடுப்படியிலிருந்து வந்த அம்மா பையைப் பிரித்துப் பார்த்தாள். பூஞ்சணத்தை விரலால் தொட்டாள். "அய்யோ ஆத்தா... கெட்ட அரிசிய நாம கோழிக்குக் கூடப் போட மாட்டோமேய்யா." அப்பா கையைக் கழுவிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் ஃபில்டர் தேடித் தேனியில் மூன்று கடை ஏறினேன். மூன்றிலும் ஒரே கேள்வி: "அப்பிடி ஒண்ணு அந்த வண்டியில இருக்கா?" கடைசியில் மதுரையில் இருந்த கல்லூரி நண்பனைப் பிடித்து, அவன் வாங்கி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட, நான் கம்பம் பஸ் ஸ்டாண்டில் வெயிலில் காத்திருந்து வாங்கினேன்.

அதை மாட்டுவதற்கு முன்னால் புளோயர். டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்து மூன்று ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும். மூன்றாவதை மாட்டினவன் யாரோ, அவன் மனிதக் கையைப் பார்த்ததே இல்லை. மோட்டாரோடு விசிறி இறங்கியது. சின்னச் சின்னத் தகடுகளை வட்டமாக அடுக்கின கூண்டு மாதிரி விசிறி. தகட்டுக்குத் தகடு ஏலக்காய்த் தொலி சொருகியிருந்தது. தண்டில் வேட்டி நூல் சுற்றியிருந்தது. கரகரவென்று நாங்கள் பாட்டுப் போட்டு அமுக்கின சத்தம் இதுதான். பழைய டூத் பிரஷை எடுத்து ஒவ்வொரு தகடாகத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க வாசம் வந்தது. அன்றிலிருந்து எனக்குப் பாயசம் இறங்காது.

மாட்டி ஓட்டினால் கரகர போய்விட்டது. பதிலுக்கு வண்டியே கிடுகிடுவென்று நடுங்குகிறது! ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது. ஒரு தகட்டில் கடுகளவு இரும்புக் கிளிப் ஒன்று இருந்தது. ஏதோ அழுக்கு என்று நெம்பி எறிந்திருந்தேன். விசிறி ஒரு பக்கம் எடை சாயாமல் சுற்றுவதற்குக் கம்பெனிக்காரன் வைத்த கிளிப் அது. நாலு வருடம் படித்த படிப்பில் பாதி இந்த ஒரு விஷயம்தான். வாசலில் கூட்டிக் கொட்டின தொலிக் குப்பையைக் கிளறித் தேடினேன். கிடைத்தது. அதே தகட்டில் திரும்பச் சொருகினேன். நின்றது நடுக்கம்.

புது ஃபில்டரை அம்புக்குறி பார்த்து மாட்டினேன். தங்கை வந்து பின் சீட்டில் உட்கார்ந்தாள். மடியில் நோட்டு, கையில் இன்ஹேலர்.

"கண்ணாடிய ஏத்து. நாலுல வையி."

"ஒண்ணுல ஆரம்பிப்போம் புள்ள."

"வீரபாண்டியில ஒண்ணுலயா போவோம்? வையிடா."

வைத்தேன். வீட்டு வாசலிலேயே இன்ஜினை ஓடவிட்டு அரை மணி நேரம். நான் அவள் நோட்டைப் பார்க்கவில்லை, தோள்பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா ஜன்னலுக்கு வெளியே நின்று கண்ணாடியைத் தட்டித் தட்டி "என்னாத்தா, என்னாத்தா" என்றாள். தோள் ஏறவில்லை. அவள் மூன்று பக்கம் படித்து முடித்தாள்.

"நாளைக்குப் போறேன்," என்றாள். அவ்வளவுதான்.

பரீட்சை அன்றைக்கு அப்பாவே சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவர் வண்டி, அவர் மகள். அதே கூட்டம், அதே புழுதி. புளோயர் உஸ்ஸென்று ஒரே சீராக ஓடியது. வழியெல்லாம் நான் கண்ணாடியில் தங்கையின் தோளையே பார்த்துக்கொண்டு வந்தேன். அரை மணி நேரம் முன்னாலேயே தங்கை காலேஜ் கேட்டுக்குள் நடந்து போனாள். ஓடவில்லை, நடந்து போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் போன் அடித்தது. பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"விருதுநகர்லருந்து பார்ட்டி வந்து தேனியில எறங்கியிருக்காக. இந்த வண்டியிலதான் கம்பம் கூட்டிட்டுப் போகணும். மொட்டையா இருக்குடா வண்டி, ஒரு வாசமும் இல்ல. சீட்டுக்கு அடியில சின்னதா ஒரு பை வச்சுக்கிட்டா என்னா? பாப்பாதான் எறங்கிருச்சுல்ல."

சாவி வண்டியில்தான் தொங்கியது. உருவி என் பாக்கெட்டில் போட்டேன்.

"திரும்பிப் போறதுக்கு அவ இதுலதான ஏறணும்?"

"சாவியக் குடுலே."

"தர மாட்டேன்."

"நடுரோட்டுல அப்பன மதிக்க மாட்ட?"

"மாட்டேன். இன்னைக்கு மாட்டேன். மிச்ச மூணு பேப்பருக்கும் நான்தான் ஓட்டுவேன். பார்ட்டிய பஸ்ஸுல கூட்டிட்டுப் போங்க. வேணும்னா அவக மூக்குலயே ஒரு காயச் சொருகி விடுங்க."

கேட் வாட்ச்மேன் பீடியைக் கீழே போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார். அப்பா கை ஓங்கினார். ஓங்கின கை அப்படியே நின்றது. பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். நான் கூப்பிடவில்லை.

மூன்று மணி நேரமும் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பூட்டிக்கொண்டு. மணி அடித்து எல்லோரும் வெளியே வந்த பிறகும் அவளைக் காணோம். கடைசி ஆளாக வந்தாள்.

"ஏன் புள்ள இம்புட்டு நேரம்?"

"அடிஷனல் பேப்பர் ரெண்டு வாங்குனேன். அதக் கட்டுறதுக்கு நூல் தேடிக்கிட்டு இருந்தாக." முன் கதவைத் திறந்து ஏறினாள். "அப்பா எங்க?"

"பஸ்ஸுல போயிட்டாக."

என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கி உட்கார்ந்து, சின்னமனூர் வருவதற்குள் வாயைத் திறந்து தூங்கிப்போனாள்.