பேச்சில்லாத வேடம்

உள்ளூர் கேபிள் சேனலில் செய்தி வாசிப்பவர்களுக்கு மைக் மாட்டிவிடும் வேலையில் சேர்ந்தவள் கயல்விழி. ஆனைமலைப் பக்கம் தோப்புகளில் கூலிக்குப் போன சின்னத்தாயியின் மகள். எடிட்டிங் கற்று, உதவி இயக்குநராகி, பெரிய சேனல் ஒன்றின் மாலைத் தொடருக்கே இயக்குநரானாள்.

தொடரில் அப்பாவாக நடித்தவர் பல்லடத்துச் சென்னகிருஷ்ணன். நாடக மேடையில் பழகிய குரல். அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சையில் பேச்சு போய் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சேனல் பொறுப்பாளர் மனோஜ்குமார் கயல்விழியை அழைத்தார்.

"அப்பா கேரக்டர் விபத்துல செத்துட்டார்னு வெச்சிருங்க மேடம். போட்டோவுக்கு மாலை, ஒரு வாரம் அழுகை. ரேட்டிங் ஏறும்."

"உசுரோட இருக்கறவருங்க சார். வெளியூரு போயிருக்காருன்னு சொல்லிக்கலாங்க."

"கதைய நீங்க முடிவு பண்றதில்ல."

"அப்ப அந்தப் படத்துக்கு நா மாலை போட மாட்டனுங்க."

தொடர் வேறொருவர் கைக்குப் போனது. அந்தக் காட்சி ஒளிபரப்பான அன்று கயல்விழி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். சென்னகிருஷ்ணனின் மனைவி டிவியை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சென்னகிருஷ்ணனோ மறுபடி போடச் சொல்லிக் கை காட்டினார். தன் சாவை முழுக்கப் பார்த்தார். மகளாக நடித்த பெண் கதறியபோது, நன்றாகச் செய்கிறாள் என்பதுபோலத் தலையாட்டினார். கயல்விழியால் அங்கே நிற்க முடியவில்லை.

அடங்காதவள் என்று பெயர் பரவியதில் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. கல்யாண வீடியோ எடுத்தாள். கோழிப்பண்ணைகளுக்கு விளம்பரம் எடுத்தாள். வருஷங்கள் கழித்துச் சொந்தத் தயாரிப்பில் ஒரு தொடருக்குச் சேனல் ஒன்று ஒத்துக்கொண்டதும், நேராகப் பல்லடத்தில் சென்னகிருஷ்ணன் வீட்டுக்குப் போனாள்.

"பேச்சே இல்லீயே கண்ணு, இவர வெச்சு என்ன பண்ணுவ?" என்றார் மனைவி.

"பேசாத ஆளுதானுங்கக்கா வேணும். தறிக்குடோன் வாட்ச்மேனுங்க."

"பரிதாபப்பட்டுக் கூப்படறயா?"

"இல்லீங்க. சரியா வரலீன்னா நானே திருப்பி அனுப்பிப்போடுவனுங்க."

சென்னகிருஷ்ணன் சத்தமில்லாமல் சிரித்தார். உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

சொன்னபடியே அவள் அவரிடம் இரக்கம் காட்டவில்லை. சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப நடக்கவிட்டாள். அவருக்கு அதுதான் பிடித்திருந்தது. தொடர் பாதியைத் தாண்டியபோது நோய் திரும்பி வந்து அவரைக் கொண்டுபோயிற்று.

இழவு வீட்டில் அவர் மனைவி கயல்விழியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நோவுக்காரனா போகலீங் கண்ணு. வேலைக்குப் போற மனுசனாவே போய்ட்டாரு."