நாற்பத்தொரு பேரும் பத்திரம்

எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் தேடுவது வெளியே போகும் வழியைத்தான். சினிமாவில் ஊரே திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் கழுத்தை வளைத்துப் பக்கவாட்டுக் கதவில் பூட்டு தொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். பெண் பார்க்க முதன்முதலாக வீட்டுக்கு வந்த அன்றுகூட, தன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சமையலறைக் கேஸ் குழாயைத்தான் பார்த்தார் என்று அவர் மனைவி சொல்லிக்காட்டாத வருஷம் இல்லை. "குழாய் பழசா இருந்துச்சு, அதான்" என்பார் அவர். இருபத்தாறு வருஷமாக அதே பதில்.

தீயணைக்கும் சிலிண்டர்களைச் சோதித்து, மருந்து நிரப்பி, தேதி எழுதிய அட்டையைக் கழுத்தில் கட்டி, திரும்பவும் சுவரில் மாட்டுவது அவர் தொழில். கூடவே, தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தந்த அலுவலகத்து ஆட்களுக்கு ஒரு மணி நேரம் வகுப்பும் எடுப்பார். எல்லோருக்கும் அவர் 'சிலிண்டர் சார்'. அவரை எங்கே பார்த்தாலும் வண்டியோடுதான் பார்க்கலாம். பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம் வைத்து, பக்கத்துக்கு நான்காக எட்டுச் சிலிண்டர்களைச் சுமக்கும்படி செய்த மோட்டார் சைக்கிள். சும்மா நிற்கும்போது அதன் இன்ஜின் மூன்று தட்டுத் தட்டி ஒரு தட்டை விழுங்கும். அது கோளாறு என்று நான்கு மெக்கானிக்குகள் சொல்லியிருந்தார்கள். அது அதன் குணம் என்று சொன்ன ஐந்தாவது ஆளிடம்தான் அவர் கடைசிவரை வேலை கொடுத்தார்.

கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்பே வண்டி வந்துவிட்டது. அதனால் மனைவி அதை 'அக்கா' என்றே அழைத்தாள்.

"அக்காவைக் குளிப்பாட்டியாச்சா? அப்புறமா வந்து எனக்கு அந்த மிக்ஸியைப் பாருங்க."

"சும்மா துடைச்சேன், அவ்வளவுதான்."

"எதுக்கு சும்மா? எனக்கு ஜுரம் வந்தா மாத்திரை. அக்கா இருமினா ரெண்டு நாள் லீவு."

அம்மாவுக்கு அக்கா என்பதால் மகளுக்கு அது பெரியம்மா ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் யாரோடு வந்தாய் என்று கேட்டால் "அப்பா, பெரியம்மா" என்று சொல்லி, ஆசிரியையிடம் அப்பாவைப் பற்றி வேண்டாத சந்தேகத்தைக் கிளப்பிய பெண் அவள். இப்போது வேலை கிடைத்து வேறு ஊரில் இருக்கிறாள். போனில் முதலில் அம்மாவை விசாரிப்பாள், அப்புறம் பெரியம்மாவை. இவரை விசாரிப்பது கடைசியில்தான்.

தொழிலில் அவருக்கு இரண்டு பிடிவாதங்கள். ஒன்று, பாதிக்குப் பாதி. எட்டு இருந்தால் நான்கை மட்டும் எடுத்துப்போய் நிரப்பிக்கொண்டு வந்து மாட்டிவிட்டு, அதன்பிறகுதான் மிச்சம் நான்கைக் கழற்ற வேண்டும். ஒரு கட்டடத்தை ஒரு மணி நேரம்கூட வெறுங்கையோடு விடக் கூடாது. இதற்காக இரண்டு நடை அலைவார். மற்ற சிலிண்டர்காரர்கள் சிரிப்பார்கள். "நாம எடுத்துட்டுப் போற அந்த ரெண்டு மணி நேரம் பார்த்தா தீ வரப்போகுது?" என்பார்கள்.

இன்னொன்று, பெட்ரோலைப் பாட்டிலில் கொண்டுபோவதில்லை. வகுப்பில் தகரத் தட்டில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றித் தீ மூட்டி, அதை ஆட்களை விட்டு அணைக்கச் செய்வது வழக்கம். பாட்டிலில் பெட்ரோலோடு சாலையில் போவது ஆபத்து என்பது அவர் கட்சி. எனவே போன இடத்தில், தன் வண்டியின் பெட்ரோல் குழாயில் இருக்கும் சின்னக் கம்பிக் கிளிப்பை எடுத்துவிட்டு, குழாயை உருவி, ஒரு டம்ளர் பிடித்துக்கொண்டு, திரும்ப மாட்டிவிடுவார். அதுதான் பாதுகாப்பு. அக்காவும் ஒரு டம்ளர் கொடுத்ததற்காக ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

அந்த வாரம் வண்டிக்கு இன்ஜின் வேலை முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. "அண்ணே, பச்சை உடம்புக்காரி மாதிரி பாத்துக்கங்க. தூரம் ஓட்டாதீங்க" என்று ஐந்தாவது மெக்கானிக் சொல்லி அனுப்பியிருந்தான். அந்த நேரம் பார்த்து, ஊரின் மறுகோடியில் இருந்த அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். துணி துவைக்கும் இயந்திரம், குளிர்பெட்டி வாங்கியவர்களின் புகார்களைத் தொலைபேசியில் கேட்டுச் சமாதானம் சொல்லும் அலுவலகம். நாற்பத்தொரு பேர். மேலே ஒரே மாடி, கீழே வண்டி நிறுத்துமிடம். சிலிண்டர் எட்டு.

பாதிக்குப் பாதி என்றால் போக வர நான்கு நடை. எட்டையும் ஒரே தடவையில் எடுத்தால் இரண்டு. அவர் வண்டியைப் பார்த்தார். அது மூன்று தட்டி ஒன்றை விழுங்கியது. இருபத்தெட்டு வருஷத் தொழிலில் அவர் கணக்கு மாற்றிப் போட்டது அன்று ஒரு நாள்தான்.

வகுப்பு நன்றாகவே நடந்தது. நாள் முழுக்க முகம் தெரியாத ஆட்களிடம் வசவு வாங்குகிறவர்கள் என்பதால், வெயிலில் நின்று எதையாவது அணைக்கக் கிடைத்ததில் அவர்களுக்கு ஏக குஷி. அவர் முன்னால் நின்று வழக்கமான வாசகங்களைச் சொன்னார்.

"பெட்ரோல் தீக்குத் தண்ணி ஊத்தக் கூடாது. அந்த வேப்பமரத்தடிதான் நீங்க கூட வேண்டிய இடம். தலையை எண்ணணும். அப்புறம் முக்கியமானது. தன் பொருள் எரியறவன் அதை நோக்கி ஓடுவான். அவனுக்கு அந்த நேரத்துல அறிவு வேலை செய்யாது. கெஞ்சுவான், திட்டுவான், விடவே விடாதீங்க. நாலு பேரா சேர்ந்து அமுக்கிப் பிடிங்க. பொருள் போனா வாங்கிக்கலாம்."

"அடிச்சா சார்?" என்றாள் ஒரு பெண்.

"வாங்கிக்கங்க. உயிரோட இருந்தா நாளைக்கு மன்னிப்புக் கேப்பான்."

எட்டுச் சிலிண்டர்களும் எப்படியும் நிரப்பப் போகிறவைதான். ஆளுக்குக் கொஞ்சமாக எல்லோரும் அடித்துப் பார்த்து எட்டையும் காலி செய்தார்கள். நிர்வாகி அம்மாள் கடைசிச் சிலிண்டரை, தன் மேலதிகாரி எவரையோ மனதில் வைத்துக்கொண்டவர்போல, கடைசிச் சொட்டு வரை அழுத்தினார். சிலிண்டர் சார் எட்டையும் சட்டத்தில் அடுக்கிக் கயிறு போட்டார். வண்டியில் தனக்கென்று ஒரு குட்டிச் சிலிண்டர் எப்போதும் மாட்டியிருப்பார். அது நிறைமாதமாக, மருந்தும் அழுத்தமும் சரியாக, அடுக்கிய நான்குக்கும் பின்னால் மறைந்து போயிற்று.

வண்டியை உதைத்துக் கிளப்பினார். அப்போது நிர்வாகி அம்மாள், "சார், ரிஜிஸ்டர்ல ஒரு கையெழுத்து" என்று மாடிப்படியிலிருந்து கூப்பிட்டார். சுமையோடு திரும்பவும் உதைக்க வேண்டாமே, புது இன்ஜினாயிற்றே என்று, இன்ஜினை அணைக்காமல் வண்டியை அப்படியே நிற்கவிட்டு நான்கு எட்டு நடந்தார். ஊழியர் ஒருவன் கைபேசியில் வண்டியையும் எல்லோரையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

ஐந்தாவது எட்டில் பின்னால் கைதட்டல் கேட்டது.

அவர் தனக்குத்தான் என்று நினைத்து, கொஞ்சம் வெட்கத்தோடு திரும்பினார். வண்டியின் வயிற்றிலிருந்து தீ எழுந்து இருக்கையை நக்கிக்கொண்டிருந்தது. ஊழியர்கள் வகுப்பின் இரண்டாம் பாகம் தொடங்கிவிட்டது என்று ஆனந்தமாகக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சார் சூப்பர் சார்! நிஜம் மாதிரியே இருக்கு!"

"நிஜந்தாய்யா!" என்று அலறிக்கொண்டு அவர் ஓடினார்.

அந்த ஓட்டத்தைப் பார்த்ததும்தான் அவர்களுக்கு எல்லாம் விளங்கியது. தன் பொருள் எரிகிறவன் ஓடுகிறான். நான்கு பேர் பாய்ந்து அவரை அமுக்கினார்கள்.

"விடுங்க! சிலிண்டர் பின்னாடி மாட்டியிருக்கு! கயிறை அவுத்தா போதும்!"

"சார், உங்க நிலைமை எங்களுக்கு நல்லாப் புரியுது" என்றான் ஒருவன், தொலைபேசியில் சொல்லிச் சொல்லிப் பழகிய அதே கனிவோடு. பிடி மட்டும் இரும்பாக இருந்தது.

"டேய், விடுறா! என் வண்டிடா!"

"உங்க பொறுமைக்கு நன்றி சார்."

"பொருள் போனா வாங்கிக்கலாம் சார்" என்று காலைப் பிடித்திருந்தவள் மூச்சு வாங்கியபடி நினைவூட்டினாள். அடித்தால் என்ன செய்வது என்று கேட்டவள் அவள்தான். அதற்குள் ஒரு அடியும் வாங்கியிருந்தாள்.

காவலாளி வாளியில் தண்ணீரோடு ஓடி வந்தார். வேப்பமரத்தடியிலிருந்து முப்பது குரல்கள் ஒன்றாகக் கத்தின. "பெட்ரோல் தீக்குத் தண்ணி ஊத்தக் கூடாது!" காவலாளி அரண்டுபோய் நின்றார். மணல் வாளியைத் தேடினார். அதில் அவரே போன மாதம் மிளகாய்ச் செடி வைத்திருந்தார். செடியைப் பார்த்தார், தீயைப் பார்த்தார். கடைசியில் செடியோடு சேர்த்துக் கொட்டினார். பெட்ரோல் தொட்டி அந்த நேரத்தில்தான் 'தும்' என்றது. அவர் தலை தப்பியது, புருவம் போயிற்று.

பிடித்திருந்த நான்கு பேரின் கைகளுக்குள் சிலிண்டர் சார் திடீரென்று கனக்கத் தொடங்கினார். இனிப் பிடிக்க வேண்டியதில்லை என்று அவர்களுக்கும் தெரிந்தது. ஆனாலும் விடவில்லை. விட்டால் விழுந்துவிடுவார் போலிருந்தது.

தீயணைப்பு வண்டி வந்து, மிச்சமிருந்த இரும்பை நனைத்தது. அதிகாரி மரத்தடியில் வரிசையாக நின்றவர்களைப் பார்த்து அசந்துபோனார். "ரெண்டே நிமிஷத்துல கூடிட்டீங்களா? தலையெல்லாம் எண்ணியாச்சா? என் சர்வீஸ்ல இப்படிப் பாத்ததில்ல. யார் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?"

நாற்பத்தொரு பேரும் கை நீட்டினார்கள். அந்த ஆள் படிக்கட்டில் உட்கார்ந்து, ஒரு செருப்பு இல்லாமல், முழங்கையில் சிராய்ப்போடு, கரிக்கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிர்வாகி அம்மாள் ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து மெதுவாக மடியில் வைத்தார். அவர் பேனாவுக்காகச் சட்டைப் பையில் கைவிட்டார். பேனாவோடு சேர்ந்து ஒரு சின்னக் கம்பிக் கிளிப்பும் வந்தது. பெட்ரோல் பிடித்தபோது எடுத்துப் பையில் போட்ட கிளிப். வெறும் கையால் குழாயைச் செருகி, 'கிளிப்பை அப்புறம் போடலாம்' என்று நினைத்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது. அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அரைக் கிராம்கூட இருக்காது.

பிறகு எழுத ஆரம்பித்தார். கட்டடத்தில் உள்ள சிலிண்டர்கள்: எட்டு. வேலை செய்யும் நிலையில்: பூஜ்யம்.

நிர்வாகி அம்மாள் குனிந்து பார்த்தார். "சார், நாலுன்னு போட்டுக்கலாமே. யார் பாக்கப் போறாங்க? உங்க பேருக்கு எதுக்கு…"

"நாலு இருந்திருந்தா வண்டி இருந்திருக்கும் மேடம்."

காரணம்: பெட்ரோல் குழாயில் கிளிப் மாட்டப்படவில்லை. பொறுப்பு: பயிற்சியாளர். ஆள் சேதம் என்ற இடத்தில், நாற்பத்தொரு பேரும் பத்திரம் என்று எழுதினார். பொருள் சேதம் என்ற இடத்தில் பேனா நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, 'வண்டி ஒன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்குப் பேருந்தில் போனார். தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டதும் அடுப்பில் பாத்திரம் வைப்பது மனைவியின் கணக்கு. அன்று சத்தமே இல்லாமல் ஆள் மட்டும் வாசலில் நிற்கவே, கரண்டியோடு வெளியே வந்து, அவரைப் பார்த்து, அவருக்குப் பின்னால் பார்த்தாள்.

"அக்கா எங்கங்க?"

"எரிஞ்சுபோச்சு" என்று அவர் கிளிப்பை எடுத்து நீட்டினார். அவள் சிரிப்பாள், இருபத்தாறு வருஷத்து வயிற்றெரிச்சல் தீர்ந்தது என்று ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் கிளிப்பை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, வாசல்படியிலேயே உட்கார்ந்து, "அவ மேல உட்கார்ந்துதானே நான் பிரசவத்துக்குப் போனேன்" என்று அழுதாள். அவர்தான் அவளைத் தேற்ற வேண்டியதாயிற்று. மகளுக்குப் போன் செய்தபோது, அவள் "பெரியம்மா கடைசியில கஷ்டப்பட்டாங்களாப்பா?" என்று கேட்டாள். கிண்டலா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்தக் கைபேசிப் படத்தை ஊழியர்கள் அவருக்கு அனுப்பிவைத்தார்கள். இப்போது எல்லா வகுப்பிலும் அதைத்தான் முதலில் போட்டுக் காட்டுகிறார். யார், எங்கே என்று சொல்வதில்லை. படத்தில் முதுகு மட்டுமே தெரிவதால் யாரும் கண்டுகொள்வதும் இல்லை. கைதட்டல் வரும் இடத்தில் சிரிப்பார்கள். ஒரு மனிதன் கையைக் காலை உதறிக்கொண்டு நான்கு பேருக்கு அடியில் கிடக்கும் இடத்தில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்து முடிக்கும்வரை அவர் காத்திருப்பார்.

போன வாரம் ஒரு வங்கியில் வகுப்பு. காசாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "யார் சார் அந்த ஆளு? எரியற வண்டியைக் கட்டிப்பிடிக்கப் போறான்? அறிவே இல்லையா?"

"அன்னிக்கு இல்ல" என்றார் அவர்.

கணினியை இயக்கிக்கொண்டிருந்த பெண் உதவியாகச் சொன்னாள்: "சார், முதல் பதினோரு செகண்டு சும்மா வண்டி ஓடிக்கிட்டே நிக்குது, அவ்வளவுதான். ஒண்ணுமே நடக்கல. அதை வெட்டிடட்டுமா?"

"வேணாம்மா, இருக்கட்டும்." அவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இன்னொரு தடவை முதல்லேர்ந்து போடு. சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டிக்கோ."