பண்டாரவளைப் போட்டிக்கு நான் போகவில்லை

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில் எங்கள் வகுப்பில் பொது அறிவு விளையாட்டு நடக்கும். பதுளை நகரத்துப் பெண்கள் பள்ளிக்கூடம்; நான் ஒன்பதாம் வகுப்பு. டீச்சர் எல்லாப் பாடங்களிலிருந்தும் கேள்விகளைக் கலந்து எடுத்துவருவார். இருவர் இருவராகச் சேர்ந்து விடை சொல்ல வேண்டும். மனித உடலில் எத்தனை எலும்பு என்று கேட்டால், இருநூற்றுப் பதினாறு என்று யாராவது கத்துவார்கள். அது உயிர்மெய் எழுத்தின் கணக்கு, எலும்பு இருநூற்றாறு. இப்படித் தடுமாறாத ஜோடி நாங்கள்தான்.

என் ஜோடி ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பெண். அவள் அம்மா தேயிலைக் கொழுந்து பறிப்பவர். என் வாப்பாவுக்குப் பஜாரில் துணிக்கடை. பாடங்களைப் பங்குபோட்டுக்கொண்டோம்: விஞ்ஞானமும் கணக்கும் அவளுக்கு, சரித்திரமும் பூமிசாஸ்திரமும் எனக்கு. தமிழ் பொது. இடைவேளையில் அவள் கொண்டுவரும் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே ஒருத்தியை ஒருத்தி மடக்கப் பார்ப்போம். அந்த வருடம் பண்டாரவளையில் நடக்கவிருந்த பள்ளிகளுக்கிடையிலான போட்டிக்கு டீச்சர் எங்களைத் தெரிவுசெய்தார்.

போட்டி நெருங்கும்போது நான் பெரிய பிள்ளையானேன். சடங்கு முடிந்ததும் சீருடையைத் தோய்த்து, பள்ளிக்குப் போகத் தயாராக மடித்து வைத்தேன். வாப்பா கூப்பிட்டு, "படிச்சது போதும் மகள்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் அதற்கு மேல் படித்ததில்லை. அவருக்கு அது யோசிக்க வேண்டிய விஷயமாகவே படவில்லை. டீச்சர் கடைக்கே போய், போட்டியன்று மட்டுமாவது அனுப்புங்கள், நானே கூட்டிப்போய்க் கூட்டிவருகிறேன் என்று கேட்டிருக்கிறார். வாப்பா நாற்காலி போட்டு, சோடா வாங்கிக் கொடுத்து, மரியாதையாக மறுத்து அனுப்பினார்.

அவசரத்துக்கு வேறொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டு போனார்கள். கடைசிச் சுற்றில் தோற்றார்கள்.

அடுத்த வாரம் பள்ளி விட்டதும் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சீனி கிடைக்காத காலம். உம்மா கித்துள் கருப்பட்டித் துண்டோடு தேத்தண்ணி கொடுத்தார். போட்டியில் கேட்டதையெல்லாம் அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் விடை சொல்லச் சொல்ல அவள் முகம் வாடிக்கொண்டே போனது. அவர்களைத் தோற்கடித்தது, சுயஸ் கால்வாய் எந்த இரண்டு கடல்களை இணைக்கிறது என்ற கேள்வி.

"செங்கடல் வந்துருச்சு. மத்தது வரவே இல்ல," என்றாள்.

"மத்தியதரைக் கடல்," என்றேன்.

அவள் மிச்சத் தேத்தண்ணியைக் குடித்துக் கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு, "டீச்சர் அந்தப் புள்ளையோடவே சேந்து படிக்கச் சொல்றாங்க. சேரட்டுமா?" என்று கேட்டாள்.

சேரு என்றேன். வேறென்ன சொல்வது? அவள் போனதும் உம்மா கோப்பைகளைக் கழுவச் சொன்னார். கழுவினேன்.

மறு வருடம் அவர்கள் வென்றார்கள். கடைக்குச் சேலை எடுக்க வந்த டீச்சர் வாப்பாவிடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குள் அவள் வருவது நின்றுபோயிருந்தது. நான் கலியாணமாகி அப்புத்தளைக்குப் போனேன். தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் அவள் படிப்பிக்கிறாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒரே ரயில்தான், ஏறினால் போய் இறங்கலாம். போக வேண்டும் என்று பல வருடம் நினைத்துக்கொண்டே இருந்தேன். போகவில்லை.

எண்பதுகளில் வாப்பா உடல் தளர்ந்து எங்களோடு வந்து இருந்தார். ஒரு மாலை வானொலியில் பள்ளி மாணவர்களின் பொது அறிவுப் போட்டி போனது. சோறு வடித்துக்கொண்டே, பிள்ளைகளுக்கு முந்தி நான் விடைகளை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். திரும்பினால், அடுப்படி வாசலில் வாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்டைக்கு உன்ன அனுப்பியிருக்கலாம் மகள்," என்றார். "ஒரு நாள்தானே டீச்சர் கேட்டாங்க."

எனக்குப் போனது அந்த ஒரு நாள் மட்டுமல்ல. கண் மங்கிய மனிதரிடம் அதை எப்படிச் சொல்ல? உட்காருங்கள் வாப்பா என்று கையைப் பிடித்து இருத்தி, சோற்றைப் போட்டேன். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.