சத்தம் போட ஓர் ஆள்

ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்குக் குக்கர் என்று பெயர் வைத்தது கூட வேலை செய்தவர்கள்தான். கொஞ்சம் காக்க வைத்தால் போதும், மனிதர் விசிலடித்துவிடுவார். பேங்கோ கரண்ட் ஆபீஸோ, எங்கே காரியம் இழுத்தாலும் நேரே போய் ஒரு சத்தம்; வேலை முடிந்துவிடும். வாழ்க்கை அப்படித்தான் ஓடியது, நன்றாகவே ஓடியது.

மனைவி வேறு ரகம். வெளிநாட்டு கேம் கம்பெனி ஒன்றுக்குப் படம் வரைபவள். சம்பளம் அந்த கேமின் டோக்கனாகவே, இணையத்தில் விற்று வாங்கும் டிஜிட்டல் காசாகவே, வரும். சொந்த ஸ்டூடியோ போடுவதற்காக அத்தனையையும் சேர்த்து வைத்திருந்தாள். டோக்கன் விலை சரியத் தொடங்கவும், விலை ஆடாத வேறு டோக்கனாக மாற்றிக்கொள்ள இணையத்தில் முகம் தெரியாத ஒருவனைப் பிடித்தாள்.

“அவன் ஏமாத்திட்டா?” என்றார் குக்கர்.

“முடியாதுங்க. ரெண்டு பேர் காசும் கம்ப்யூட்டர் பூட்டுல இருக்கு. சாவி அவன்கிட்ட. அவன் என் பூட்டைத் திறந்தா அந்தச் சாவி வெளிய தெரிஞ்சிடும், அதை வச்சே அவன் பூட்டை நான் திறந்துக்குவேன். திறக்கலைன்னா, சாயங்காலம் கெடு முடிஞ்சதும் அவங்கவங்க காசு அவங்கவங்களுக்கே திரும்பிடும்.”

“இதுல தகராறுன்னா யாரைக் கேக்கிறது?”

“ஆபீஸும் இல்ல, மேனேஜரும் இல்ல. நீங்க சும்மா இருங்க, அது போதும்.”

ஸ்டூடியோவுக்குப் பேசியிருந்த அறையைப் பார்க்க அவள் கிளம்பிவிட்டாள். சும்மா இருப்பதா, குக்கரா? உட்கார்ந்தார், எழுந்தார், ஃபேனைப் போட்டார், நிறுத்தினார். திரையில் பூட்டு பூட்டாகவே இருந்தது. விலை மட்டும் இறங்கிக்கொண்டே போனது. ஆளே இல்லாமல் இதென்ன கண்றாவி வியாபாரம்! இணையத்தில் துழாவியவருக்கு ‘வாடிக்கையாளர் உதவி’ என்று ஒரு நம்பர் கிடைத்தது. அப்பாடா!

“திருட்டுப் பசங்களா! எவ்வளவு நேரம்டா?”

“உங்க கோபம் நியாயம்தான் சார்,” என்றது குரல். அவர் கோபத்தை நியாயம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. “உங்க டோக்கன் இருக்கிற வாலட்டைத் திறக்கிற பன்னிரண்டு வார்த்தை இருக்குமே சார், அதைச் சொன்னா இப்பவே முடிச்சிடலாம்.”

மனைவி அவற்றை எழுதிப் பீரோவில் பூட்டி வைத்திருந்த காகிதத்தை எடுத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். “ஒழுங்கா எழுதிக்கிட்டியா? எங்க, திருப்பிச் சொல்லு!” என்று அதட்டல் வேறு.

சாயங்காலம் மனைவி திரும்பினாள். அந்த முகம் தெரியாதவன் கடைசி வரை திறக்கவில்லை. கெடு முடிந்தது, அவள் சொன்னபடியே டோக்கன் முழுசாகத் திரும்பி வந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேறெங்கோ போய்விட்டது.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“ரொம்ப மரியாதையாப் பேசினான்...” என்றார் குக்கர். அந்த நம்பரை அடித்தார். எடுக்கவில்லை. திரும்ப அடித்தார். அழுகை வந்துவிட்டது. “என்னைத் திட்டேன், ஏதாவது சொல்லேன்!”

அவள் தன் போனை எடுத்தாள்.

“சார், காலையில வந்து ரூம் பாத்தேனே... அதை வேற யாருக்காவது குடுத்துடுங்க.”