மேல் பல்லும் தையல் ஊசியும்

எண்பதுகளில் செஞ்சி கடைவீதிக்கு ஒரு பல் டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவார். அவரிடம் நான் வேலை பார்த்தேன். குறடுகளைக் கொதிக்கவைப்பது, வரிசையில் ஆளைக் கூப்பிடுவது எல்லாம் பேருக்குத்தான். ஓடப் பார்க்கிறவர்களைப் பிடித்து உட்காரவைப்பதுதான் என் உண்மையான வேலை. வலிக்குப் பயந்தவர்களை எப்படியாவது சமாளித்துவிடுவேன். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று நம்பியவர்களோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. எவன் கிளப்பிவிட்டானோ, அவன் வாயில் மண்ணைப் போட!

என்னுடைய சொத்தை மேல் பற்கள் இரண்டையும் அந்த டாக்டரிடமே பிடுங்கிக்கொண்டேன். யாராவது தயங்கினால் ஈயென்று இளித்து ஓட்டையைக் காட்டுவேன். "எனுக்கு இன்னா, கண்ணு தெரியலியா?" என்பேன். பாதிப் பேர் உள்ளே போய்விடுவார்கள்.

ஒருநாள் எங்கள் தெருவில் ரவிக்கை தைக்கிறவள் வந்தாள். நாற்பதைத் தொட்டவள், புருஷன் இல்லை, ஒரே மகள், தையல் மிஷின்தான் இரண்டு பேருக்கும் சோறு போட்டது. வலது கன்னம் வீங்கிக் கண் வரைக்கும் ஏறியிருந்தது. மேல் கடைவாய்ப் பல்லை இன்றைக்கே எடுக்க வேண்டும், சீழ் பரவினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் வெளியே வந்து பையைத் தூக்கிக்கொண்டாள்.

"கண்ணு பூட்டா என் பொண்ணுக்கு யாரு சோறு போடுவாங்கக்கா? நான் வூட்டுக்குப் போறேன்."

வழக்கம்போல ஓட்டையைக் காட்டினேன். அவள் மசியவில்லை. முந்தானையில் குத்தியிருந்த ஊசியை எடுத்தாள், பையிலிருந்து நூலையும் எடுத்தாள்.

"உனுக்குத்தான் கண்ணு நல்லா தெரியுதே. இத்த கோத்துக் காட்டு, உள்ள போறேன்."

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. நூலை எச்சில் தொட்டு முறுக்கினேன். ஊசியின் காது எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை. மூன்று தடவை முயன்றேன், மூன்று தடவையும் நூல் வெளியே வழுக்கியது.

"பாத்தியா!" என்றாள். பெஞ்சில் இரண்டு பேர் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! கீழ்ப் பல் வலிக்கு வந்திருந்த வேர்க்கடலை வியாபாரியிடம் திரும்பினேன்.

"அண்ணே, உங்களுக்கு மேல் பல்லு எல்லாம் இருக்குதா?"

"இருக்குதும்மா."

"அப்ப நீங்க கோத்துக் காட்டுங்க."

அவரால் முடியவில்லை. அவர் சம்சாரம் வாங்கிப் பார்த்தாள், அவளாலும் முடியவில்லை. நாற்பதைத் தாண்டிய இன்னும் இரண்டு பேரும் தோற்றார்கள். மேல் வரிசையில் ஒரு பல்கூடப் போகாதவர்கள்!

"இவங்களுக்கெல்லாம் யாருடி பல்லைப் புடுங்கனது? வயசானா கிட்டத்துல இருக்கறது தெரியாது, அவ்ளோதான். எங்க, நீ கோத்துக் காட்டு பாப்போம். கோத்துட்டா நானே உன்ன வூட்ல கொண்டுபோய் வுடறேன்."

ஊசியை வாங்கினாள். கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தாள், கிட்டே கொண்டுவந்தாள். பிறகு கையைத் தொங்கப்போட்டாள்.

"ஒரு வருசமா பொண்ணுதான் கோத்துத் தருதுக்கா. வெளிய தெரிஞ்சா யாரும் துணி குடுக்க மாட்டாங்கன்னு சொல்லல."

அழுதாள். பேச்சை வளர்க்காமல் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். மரத்துப்போக ஊசி போட்டபோது என் மணிக்கட்டில் நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். பல் வந்துவிட்டது. வாயில் பஞ்சோடு வாசலுக்கு வந்தவள் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு மலைப்பக்கம் அண்ணாந்தாள்.

"கோட்டை தெரியுதுக்கா."

வீக்கம் வடிந்ததும் இரண்டு பேருமாகப் போய் ஆளுக்கொரு கண்ணாடி வாங்கினோம். கடைவீதி சும்மா இருக்குமா? மேல் பல்லைப் பிடுங்கிக்கொண்டார்கள், கண்ணாடி வந்துவிட்டது என்று பேசினார்கள். பேசட்டுமே, எங்களுக்கென்ன!

அதற்கப்புறம் டாக்டர் வந்த ஒரு நாளில் அவளும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள், வைத்தியத்துக்கு அல்ல. வாசலிலேயே தயங்கி நின்ற ஒருத்தியைக் கிட்டே கூப்பிட்டாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றி, ஒரே தடவையில் ஊசியில் நூலைக் கோத்தாள். பிறகு வாயைத் திறந்து ஓட்டையைக் காட்டினாள்.

"பாத்தியா? உள்ள போ."